கொசுவின் மேல் பழியைப் போடாதீர்கள்

"ஆப்பிரிக்கர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் வராது, அதனால்தான் அவர்களைக் கரீபியன் தீவுகளுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்கள்." இதை யாராவது வரலாறு என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. இதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் ஓடுகிறது.

அந்த உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்படோஸ் தீவில் 1640களில் கரும்பு காலூன்றியது. அதற்கு முன் அங்கே தோட்ட வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த ஏழைகள். 1647இல் மஞ்சள் காய்ச்சல் புகுந்தது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு (நம் ஊரில் டெங்குவைப் பரப்புகிறதே, அதுதான்) ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் வந்தது. கரும்பாலைகளில் சர்க்கரையிலிருந்து வடியும் பாகைப் பிடிக்க மண்பானைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஆலை ஓடாத மாதங்களில் அவற்றில் மழைத்தண்ணீர் தேங்கும். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்து பிழைத்தவருக்குத் திரும்ப வராது. மேற்கு ஆப்பிரிக்காவில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருக்கும். புதிதாக வந்திறங்கிய ஐரோப்பியர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவருவதே லாபம் என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு தோலின் நிறத்தோடு வருவதல்ல. மலேரியாவுக்கு எதிராகச் சில மரபணுக் காப்புகள் உண்டு, அதை மறுக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு அப்படி நம்பியதன் விலையை 1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் பார்த்தது. கறுப்பினத்தவரை இந்த நோய் தொடாது என்று புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அறிவித்து, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களை அழைத்தார். அந்த ஊர்க் கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் இருவரும் ஆட்களைத் திரட்டினார்கள். பெற்ற பிள்ளைகளே விட்டு ஓடிய வீடுகளுக்குள் போய்த் தண்ணீர் கொடுத்தார்கள், பிணங்களைத் தூக்கிப் புதைத்தார்கள். அவர்களும் அதே காய்ச்சலில் செத்தார்கள். தன் கருத்து தவறு என்று ரஷ்ஷே பிறகு ஒப்புக்கொண்டார். இவ்வளவு செய்தும் "கூலி அதிகம் கேட்டார்கள், திருடினார்கள்" என்று அச்சில் வந்தது. அதற்குப் பதில் சொல்லி 1794இல் இருவரும் தனியே ஒரு சிறுநூல் வெளியிட வேண்டியிருந்தது. எனக்கு ஆறாத இடம் இதுதான்.

"நோய் தாங்குபவர்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் கப்பலிலேயே எப்படிச் செத்தார்கள் என்றும் பாருங்கள். அட்லாண்டிக்கைத் தாண்ட ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. சீதபேதியும் பெரியம்மையும் அவர்களை விட்டுவைக்கவில்லை.

எதிர்ப்புச் சக்திதான் காரணம் என்றால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிந்ததும் 1838 முதல் கயானாவுக்கும், பிறகு டிரினிடாடுக்கும் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. பிரெஞ்சுக்காரர்கள் 1850களில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து மார்த்தினிக், குவாதலூப் என்ற கரீபியன் தீவுகளுக்கு நம் மக்களை அனுப்பினார்கள். மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் ஒருநாளும் வேரூன்றியதே இல்லை. கப்பலேறிய ஒருவருக்கும் அதற்கான எதிர்ப்புச் சக்தி கிடையாது. அது முதலாளிகளுக்குத் தடையாக இருந்ததா?