முடிச்சுப் போட்ட மொறுமொறுப்பு
கோடைத் திருவிழாச் சந்தையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று வாங்கும் எண்ணெய்ப் பலகாரத்தை, கடைக்காரர் ஏன் நெகிழிப் பையில் போட்டு இறுக முடிச்சிட்டுத் தருகிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதால்தான் மேற்புறம் மொறுமொறுப்பாகிறது. அந்த ஆவியையே பைக்குள் அடைத்துவிட்டால், அது நீர்த்துளிகளாகி மறுபடியும் பலகாரத்தில் இறங்கி, நான் உட்கார இடம் தேடி அலைவதற்குள் அதை நமத்துப்போகச் செய்துவிடுகிறது. (இடமும் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.) கூட்டம் பெருகினால் ஒரே சட்டியில் அளவுக்கு மீறிப் போடுகிறார்கள், சூடு இறங்கிய எண்ணெயில் பலகாரம் வேகாமல் எண்ணெயைத்தான் குடிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, உடம்பைப் பற்றிய கவலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு திறந்த காகிதத் தட்டு கொடுத்தால் என்ன?