பாட்டு ஓடி முடிவதற்குள் போய்விட்ட வீடு

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இரண்டு அறை வாடகை வீடு, மாதம் 1,800 பவுண்ட். காலையில் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினான். "வீடு இன்னும் போகவில்லை, சனிக்கிழமை 11 மணிக்கு வந்து பாருங்கள்" என்றான். பெயர், போன் நம்பர், பிள்ளைகள் எத்தனை பேர், எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தான். அப்புறம், "வாடகை எப்படிக் கட்டுவீர்கள்?"

கேர்ஹோமில் இரவு வேலை, சம்பளத்தில் குறைவதற்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வருகிறது என்றேன்.

அதுவரை டக் டக் என்று கேட்ட கீபோர்டு சத்தம் அப்படியே நின்றது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டான். திரும்பி வந்தான். "ஸாரி, அந்த வீடு போய்விட்டது." எப்போது போனது? அந்தப் பாட்டு ஓடிய நேரத்திலா?

விடவில்லை நான். தங்கச்சியை அதே நம்பருக்கு அடிக்கச் சொன்னேன். அவளுக்கு ஆபீஸ் வேலை. என் 11 மணியைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டான்! அதே சனிக்கிழமை, அதே வீடு!

உதவித்தொகை வாங்குகிறவர்களை மொத்தமாக ஒதுக்குவது சட்டவிரோதம் என்று யார்க் கவுண்டி கோர்ட் 2020 ஜூலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் "நோ டிஎஸ்எஸ்", அதாவது உதவித்தொகை வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதினார்கள். இப்போது போனில் பொய் சொல்கிறார்கள்.

சரி, வீடு கிடைத்தாலும் அரசு தருகிற காசு எட்டுமா? வாடகைக்கு அரசு அதிகபட்சம் எவ்வளவு தரும் என்பதை லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்கிறார்கள். 2008இல் அது வந்தபோது அந்த ஏரியா வாடகை வீடுகளில் பாதியாவது அதற்குள் அடங்கும். 2011இல் அதை மலிவான 30 சதவீத வீடுகள் மட்டும் அடங்குகிற அளவுக்கு இறக்கினார்கள். 2020இலிருந்து நாலு வருஷம் அதே தொகையில் நிறுத்தி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஏற்றினார்கள், அதுவும் 2023 செப்டம்பர் வரை எடுத்த வாடகைக் கணக்கை வைத்து. 2025இல் மறுபடியும் ஒரு பென்ஸ் ஏறவில்லை. அதுவரை வாடகையை ஏற்றாமல் வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்களா? மிச்சத்தை என் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் எடுக்கிறேன். இரவெல்லாம் வயதானவர்களைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு வருகிறேன், என்னைப் பார்த்துச் சோம்பேறிக் கூட்டம் என்று நினைக்கிறார்கள்.

இப்போது இருக்கிற வீட்டில் சின்னவனின் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ஞாயிறுதோறும் ப்ளீச் போட்டுத் துடைக்கிறேன், வியாழனுக்குள் திரும்பப் பூத்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு நாலு முறை படம் எடுத்து அனுப்பினேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வருகிறது. அந்த ஜன்னலின் கைப்பிடி உடைந்துபோய் ஒரு வருஷமாகிறது. அதற்கும் அவருக்குத்தான் படம் அனுப்பியிருக்கிறேன்!