எட்டுக்கால் பூச்சியும் எட்டு மணி நேரமும்

நேத்து எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மாமா ஃபார்வேர்ட் ஒண்ணு போட்டுருந்தாருங்க. விஷப்பூச்சிக் கடியில பக்கவாதத்துக்கு மருந்து, நம்ம முன்னோர் அன்னைக்கே சொல்லிட்டாங்கன்னு எழுதி கீழ ஒரு குளவி படம். வரிசையா கும்புடு போட்டுட்டாங்க. ஒரு சித்தப்பா மட்டும் 'அப்ப நம்ம பனைமரத்துல இருக்கற கதண்டு குளவி கடிச்சா ஆவுமா'ன்னு கேட்டாரு. எகத்தாளமா கேட்டாரா நெசமாவே கேட்டாரான்னு புரியல, எனக்கு அதான் பயம்.

மொதல்ல அந்த மருந்து வந்தது குளவில இருந்தே இல்லைங்க, சிலந்தில இருந்து. நாம எட்டுக்கால் பூச்சின்னு சொன்னாலும் பூச்சிக்கு ஆறு காலுதான், அதனால பூச்சிக் கணக்குலயும் சேராது. ஆஸ்திரேலியால ஃபனல் வெப்னு ஒரு ஜாதி, கடிச்சா ஆளையே கொல்லும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல க்ளென் கிங்னு ஒரு விஞ்ஞானி, அவரோட டீம் ஃப்ரேசர் தீவுக்குப் போயி மூணு சிலந்தியப் புடிச்சு விஷம் கறந்து பாத்துருக்காங்க. அந்த விஷத்துல இருக்கற ஒரு புரதத் துண்டுதான் எச்ஐ1ஏ. மருந்துக்காக ஊர்ல இருக்கற சிலந்தியெல்லாம் புடிச்சுட்டு இருக்கல, அந்தத் துண்ட மட்டும் லேப்ல தனியா செஞ்சுக்கறாங்க. 2017ல கட்டுரை வந்துச்சு.

அது என்ன பண்ணுதுன்னா, மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சுன்னா அங்க இருக்கற செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, ஆக்சிஜன் இல்லாமயே சர்க்கரைய எரிச்சு ஓட்டப் பாக்கும், அதுல லாக்டிக் அமிலம் சேரும். தயிரப் புளிக்க வைக்குதே, அதே அமிலம்தான். புளிப்பு ஏறுனா மூளைச் செல்லுல ஒரு கதவு தொறந்துக்கும், உள்ள கால்சியம் பூந்து செல்லு செத்துப்போகும். எச்ஐ1ஏ அந்தக் கதவ அடைக்குது. எலிக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மணி நேரத்துல ஒரே ஒரு டோஸ் குடுத்தப்ப மூளைச் சேதம் 80 சதவீதம் கொறஞ்சுது, எட்டு மணி நேரம் கழிச்சுக் குடுத்தப்பவும் 65 சதவீதம் கிட்ட கொறஞ்சுருக்கு.

விஷம் மருந்தாச்சுங்கறது எனக்குப் பெரிய ஆச்சரியமில்ல. பிரஷருக்கு வந்த கேப்டோப்ரில் மாத்திரையே பிரேசில் விரியன் பாம்பு விஷத்தப் பாத்துத்தான் செஞ்சாங்க. எனக்கு கண்ணுல பட்டது அந்த எட்டு மணி நேரம்தான்.

எங்க அப்புச்சிக்கு, அதாவது அம்மாவோட அப்பாவுக்கு, ஸ்ட்ரோக் வந்தப்ப என்னாச்சுன்னா, காத்தால சொசைட்டில பால் ஊத்திட்டு வந்து திண்ணையில உக்காந்துருக்காரு, அம்மிச்சி காட்டுக்குப் போயிட்டு ஒம்பது மணிக்கு வந்து பாத்தா வாய் கோணிக்கிச்சு, வலது கை தொங்குது. சுகர் எறங்கிருச்சுன்னு சர்க்கரத் தண்ணி குடுத்துருக்காங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு புறா ரத்தம் தேய்ச்சா சரியாயிரும்னு ஆளக் கூட்டியாந்து, அதுல ஒரு மணி நேரம். அப்பறம் கார் புடிச்சு பக்கத்து ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனா ஸ்கேன் இல்ல, பெரிய ஊருக்குப் போங்கன்னுட்டாங்க. அங்க போய்ச் சேரும்போது பன்னண்டரை.

டாக்டரு கேட்ட மொதக் கேள்வி, 'கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு?' ஒருத்தரு ஏழுங்கறாங்க, ஒருத்தரு எட்டுங்கறாங்க. எங்கம்மா அவரு சட்டப் பாக்கெட்டுல கைய விட்டு பால் சீட்டை எடுத்துக் குடுத்துச்சு. கொழுப்பு எவ்வளவு, லிட்டர் எவ்வளவுன்னு போட்டு ஓரத்துல நேரம், 6.12. டாக்டரு அந்தச் சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ரத்தக்கட்டி கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரந்தாங்க, தாண்டிருச்சுன்னாரு. பெரிய ரத்தக்குழாய் அடைப்பா இருந்தா சிலருக்கு 24 மணி நேரம் வரைக்குங்கூட குழாய் விட்டு கட்டிய எடுக்கலாமாம், அப்புச்சிக்கு அடைச்சது சின்னக் குழாய்.

அந்த ஊசிய ஸ்கேன் எடுக்காமப் போடவும் முடியாது, ஏன்னா ரத்தக்கசிவுல வந்த ஸ்ட்ரோக்கா இருந்தா கசிவு இன்னும் எச்சாயிரும். சிலந்தி மருந்து கட்டியத் தொடறதில்ல, அதனால இது மனுசனுக்கு ஒத்துக்கிச்சுன்னா ஆம்புலன்ஸ்லயே போட முடியுமான்னு அந்த விஞ்ஞானிங்க பாக்கறாங்க. நம்ம தோட்டங்காட்டுச் சனத்துக்கு, இட்டேரிக்குள்ள 108 வந்து சேரவே எவ்வளவு நேரம் ஆவும்னு தெரிஞ்சவங்களுக்கு, இது சின்ன விஷயமில்லைங்க.

ஆனா எலிக்கு வேலை செஞ்சதெல்லாம் நமக்கும் செய்யும்னு நெனச்சுறக்கூடாது. என்எக்ஸ்ஒய்-059னு ஒரு மருந்து, எலி குரங்கெல்லாம் தாண்டி, மனுசங்கள்ல மொதப் பெரிய சோதனைலயும் நல்லா இருக்குதுன்னாங்க, அப்பறம் 3,300 பேருக்கு மேல வெச்சு இன்னொன்னு பண்ணப்ப பலனில்லன்னு 2007ல வெளிவந்துச்சு. ரத்தங்குடிக்கற வவ்வால் எச்சில்ல இருந்து வந்த கட்டி கரைக்கற மருந்தும் கடைசிக் கட்டத்துல தோத்துருச்சு. அதனால ஃபார்வேர்ட் பண்றவங்க கொஞ்சம் பொறுங்க. சித்தப்பா, கதண்டு கூட்டமா கடிச்சா கிட்னி போயிரும், பனைமரத்துப் பக்கம் போயிராதீங்க.

இதையெல்லாம் பொழுதோட அப்புச்சிகிட்டச் சொன்னனுங்க. அவருக்கு இப்ப பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் வருது. 'எலிக்கு எப்பட்றா வாதம் வந்துச்சு'ன்னாரு. வர வெச்சுத்தான் பாக்கறாங்க அப்புச்சின்னேன்.

இடது கையில டம்ளரக் கீழ வெச்சுட்டு சித்த நேரம் கழிச்சுச் சொல்றாரு, 'அப்ப அதுக்கு மணி பாத்து வெச்சுருப்பாங்க.'