மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுங்கள்

இதய வால்வில் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், அது வால்வில் கிருமி தொற்றும் எண்டோகார்டைட்டிஸ் நோயாக இருக்கலாம். அதனால் ஆண்டிபயாடிக் கொடுக்கும் முன் பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், எடுக்க வேண்டும். கடலூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவன் நான். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முக்கால்வாசிப் பேர் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் வருகிறார்கள்.

முதலில் மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை. காய்ச்சல் விடும், மாத்திரை நின்றதும் திரும்ப வரும். அப்புறம் டைபாய்டுக்கான விடால் ரத்த டெஸ்ட். அதில் லேசாக ஏதாவது காட்டினால் டைபாய்டு என்று முடிவு கட்டி இன்னொரு ஆண்டிபயாடிக். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. செஃபிக்ஸிம் போன்ற ஆண்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணை 2014 முதல் அமலில் இருக்கிறது. கடைத்தெருவில் அதை யார் மதிக்கிறார்கள்?

இதற்குள் வால்வில் கிருமி ஒட்டி, ரத்தத் தட்டுகளோடு சேர்ந்து கட்டியாக வளர்ந்துவிடும். டாக்டர்கள் இந்தக் கட்டியை வெஜிடேஷன் என்பார்கள். இதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு அரித்துப்போனால் மூச்சுத் திணறல். அரைகுறை மாத்திரைக்கு இந்தக் கிருமி சாகாது, ஆனால் கல்ச்சர் பாட்டிலில் வளராமல் ஒளிந்துகொள்ளும்.

என் மாமாவுக்கு இதுதான் நடந்தது. மைட்ரல் வால்வு மாற்றியவர். ஒரு கிளினிக்கில் வாரக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உடம்பு பாதியாக இளைத்த பிறகு புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாததால் பல கிருமிகளையும் மனதில் வைத்து மருந்து போட வேண்டியதாயிற்று, அதில் ஒன்று கிட்னியைப் பாதித்தது. பிழைத்துவிட்டார். ஆனால் அவ்வளவு பட்டிருக்க வேண்டியதில்லை.

கல்ச்சர் எடுக்கும்போது, “இவ்வளவு ரத்தமா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். ஆமாம், இவ்வளவுதான் வேண்டும். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகத்தான் ஓடும். அதனால் பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு பாட்டில் ஒரு செட், வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட். ஒரே குத்தில் ஒரு பாட்டில் மட்டும் எடுத்து, அதில் தோல் கிருமி வளர்ந்தால் அது நோயா, அழுக்கா என்று பிரிக்க முடியாது. ஆள் மோசமான நிலையில் இருந்தால் காத்திருக்கக் கூடாது. சட்டென்று ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், நார்மல் என்று நிம்மதியாகிவிடவும் வேண்டாம். மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில், அதுவும் செயற்கை வால்வு என்றால், கட்டி தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், அல்லது ஒரு வாரத்துக்குள் மறுபடி எக்கோ எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வைத்தியம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம், நரம்பு வழியாக ஊசி. செயற்கை வால்வுக்குக் குறைந்தது ஆறு வாரம். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆறு வாரம் படுக்கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் பழத்துக்குப் பதில் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிடியூர் என்ற பெனிசிலின் ஊசி போடுகிறவர்கள், அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். அது தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வந்து வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்கத்தான், எண்டோகார்டைட்டிஸைத் தடுக்காது. செயற்கை வால்வு உள்ளவர்களும், ஏற்கெனவே இந்த நோய் வந்தவர்களும் பல் பிடுங்கும் முன் தனியாக ஆண்டிபயாடிக் எடுக்க வேண்டும். வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பெனிடியூர் போடுகிறவர்களுக்கும் வேறு மருந்து. வால்வு மாற்றியபோது கொடுத்த அட்டையைப் பல் டாக்டரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.