உண்மை விளக்கம்: கிர்கிஸ்தானில் ஆற்று நீர் பாசனச் சங்கங்களுக்கு விற்கப்பட்டதா?

"சோவியத் காலக் கூட்டுப்பண்ணைகளைக் கலைத்த கையோடு கிர்கிஸ்தான் ஆற்று நீரைப் பாசனச் சங்கங்களுக்கு விற்றுவிட்டது" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. நீர் அரசுக்கே சொந்தம். பெரிய கால்வாய்களும் அரசிடமே. 2002 சட்டப்படி விவசாயிகளின் லாபநோக்கற்ற சங்கங்களிடம் பராமரிக்கத் தரப்பட்டவை பழைய பண்ணைகளின் கிளை வாய்க்கால்கள்தான்.

கட்டணம் உண்டு, அது தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் சேவைக்கு. 1999-ல் வைத்த கட்டணம், பயிர்க்காலத்தில் கனமீட்டருக்கு 3 தியின் (100 தியின் 1 சோம், அந்நாட்டு நாணயம்). அந்தக் கணக்கில், நொடிக்கு 50 லிட்டர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 4,320 கனமீட்டர், சுமார் 130 சோம். கொள்ளை விலையா அது?

சிக்கல் அளப்பதில்தான். தலைமதகில் அளவுகோல் இருந்தாலும் வயல்மடையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் பல சங்கங்கள் ஹெக்டேர் கணக்கில் வசூலிக்கின்றன. தலைமடைக்காரர் எவ்வளவு பாய்ச்சினாலும் அதே தொகை. கடைமடைக்காரர் ஏன் கட்டுவார்? வசூல் குறைந்தால் தூர்வாரல் நிற்கும், 'மிராப்' எனும் நீர்ப்பாய்ச்சியின் சம்பளமும் இழுபடும்.