குழந்தையின் ரத்தத்துக்குப் பெரியவர்களின் அளவுகோலா?

ஏழு வயதுச் சிறுமியின் மார்பில் சின்னக் கட்டிபோல ஏதோ தட்டுப்பட்டால், இவ்வளவு சீக்கிரம் பருவமடைகிறாளோ என்று வீடே கலங்கிவிடுகிறது. குழந்தை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஹார்மோன் பரிசோதனை எடுத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்து அழும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்தத் தாளின் மேல்தான்.

பெண்மைக்குரிய ஹார்மோனான எஸ்ட்ராடயாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் மிக நுட்பமான ஒரு முறையில் அளந்தபோது, பருவமடையாத சிறுமிகளின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சராசரியாக 0.6 பிகோகிராமும் சிறுவர்களிடம் வெறும் 0.08 பிகோகிராமும்தான் இருந்தன. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் பிகோகிராம். சாதாரண ஆய்வகங்களின் இம்யூனோஅசே (எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் முறை) கருவிகளோ, நூற்றுக்கணக்கான பிகோகிராம் வரை போகும் வளர்ந்த பெண்களுக்காகச் செய்யப்பட்டவை. பத்துக்குக் கீழே அவை காட்டும் எண்ணை நம்ப முடியாது. போதாததற்கு, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பல நேரம் மாதவிடாய் வரும் பெண்களுக்கு உரியது! ஏழு வயதுக் குழந்தைக்கு அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பருவத்தைத் தூண்டச் சுரக்கும் எல்.எச். ஹார்மோன் இதைவிட உதவும். ஆனால் அது பருவத்தின் தொடக்கத்தில் இரவில்தான் விட்டுவிட்டுச் சுரக்கிறது. பகலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியலாம். சந்தேகம் தீராவிட்டால் மருந்து செலுத்தி அந்தச் சுரப்பைத் தூண்டி, குறித்த இடைவெளிகளில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கைக்குழந்தைகள் கதையே வேறு: பிறந்த முதல் சில மாதங்களில் இந்த ஹார்மோன்கள் இயல்பாகவே உயர்ந்து அடங்கும்.

பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்னும் ஆண் குழந்தைக்கு ஒன்பதுக்கு முன்னும் பருவ அறிகுறி தெரிந்தால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்புகள் சீக்கிரம் முதிர்ந்தால் வளர்ந்த பிறகு எட்டும் உயரம் குறைந்துவிடும். சிறுவர்களிடம் மூளைக் கட்டிகூடக் காரணமாக இருக்கலாம். மருத்துவர் முதலில் பார்ப்பது உயரம் ஏறிய வேகம், உடல் மாற்றம், இடது கை எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு வயது. மார்பு மட்டும் லேசாக வளர்ந்து அப்படியே நின்றுவிடும் சிறுமிகள் நிறைய. அவர்களுக்குச் சிகிச்சையே வேண்டாம்.

குழந்தைகளின் ஹார்மோன் அறிக்கையில் எந்த முறையில் அளந்தார்கள் என்பதும், அந்த வயதுக்கும் பருவ நிலைக்கும் உரிய அளவும் கட்டாயம் அச்சிடப்பட வேண்டும். முடியாத ஆய்வகம், மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் கண்டு நுட்பமாக அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வசதி உள்ள இடத்துக்கு ரத்த மாதிரியை அனுப்பட்டும்.