மூலையில் பதுங்கும் நாயையும் கொஞ்சம் பாருங்கள்

தத்தெடுப்பு முகாமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாலை ஆட்டிக்கொண்டு மேலே தாவுகிற குட்டியைத்தான் தூக்குகிறார்கள். பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத நாயை, "இது ஒரு மாதிரி இருக்கே" என்று கடந்துவிடுகிறார்கள். அந்த நாய்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எங்கள் வீட்டுச் செவலை அப்படி ஒருத்தி.

வந்த புதிதில் அவள் குடியிருந்தது வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில். குக்கர் விசில் அடித்தால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடுவாள். கொடியில் துணி எடுக்க அம்மா கையைத் தூக்கினால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வாள். வைத்த சோறு பகல் முழுக்க அப்படியே கிடக்கும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்த பிறகுதான் தரையில் நகம் உரசுகிற சத்தம் கேட்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது, "பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க." அடித்திருக்கலாம். ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படி இருக்கும். பிறந்த 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைதான் ஒரு குட்டி மனிதர், வண்டி, சத்தம் எல்லாவற்றோடும் சுலபமாகப் பழகுகிற பருவம். அதில் மனிதக் கையே படாமல் வளர்ந்துவிட்டால் பிறகு நாம் எல்லாருமே அதற்கு அந்நியர்தான். செவலையின் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறது, கருத்தடை செய்த தெருநாய்க்குப் போடுகிற அடையாளம். கருத்தடை அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிடித்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள், கூண்டில் போட்டார்கள், ஊசி குத்தினார்கள் என்பதுதானே?

அதனால்தான் "அன்பைக் கொட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மடியில் இழுத்து வைத்துக் கொஞ்சுகிறார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாம் தலையைத் தடவுகிறார்கள். நாய் அசையாமல் இருக்கும். "பாத்தீங்களா, பழகிடுச்சு!" இல்லைங்க, பயத்தில் உறைந்து போயிருக்கிறது. சும்மா சும்மா உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். இதையெல்லாம் கவனிக்காமல் விட்டால் அடுத்தது கடிதான். பழி மட்டும் நாய்மேல் விழும்.

செவலையை மாற்றியது அப்பா. தினமும் காலையில் அந்தச் சந்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நடுநடுவே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போடுவார். கூப்பிட மாட்டார். "அது வர்றப்ப வரட்டும்டா" என்பார். நாளாக நாளாகத் துண்டு விழும் இடம் அவர் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவர் முழங்கையில் ஈர மூக்கு பட்டது. அப்போதும் அவர் திரும்பவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எடுக்கப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். பயந்த நாய் கை நழுவினால் கூப்பிட்டாலும் வராது, துரத்தினால் இன்னும் ஓடும். காலர் மட்டும் போட்டால் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் ஒன்று, காலர் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. தீபாவளி சமயத்தில் இன்னும் உஷார். வெடிக்குப் பயந்து உங்களிடம் வந்தால் தாராளமாகத் தடவிக் கொடுங்கள், ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது வெறும் கட்டுக்கதை. மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், பதற்றத்துக்கும் மருந்து இருக்கிறது.

"ஒரு வாரம் பாப்போம், செட் ஆகலன்னா திருப்பிக் குடுத்துடலாம்" என்ற எண்ணத்தோடு தயவுசெய்து எடுக்காதீர்கள். நாய் மீட்பில் இருப்பவர்கள் பதற்றம் அடங்க 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், நம் வீடு என்று ஒட்டிக்கொள்ள 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கூச்சமான நாய்க்கு அதுவும் போதாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலும், தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றுதான் இருக்கிறது.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட நாயை "ரொம்ப சாது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். என்ன பயம், எப்படி இருக்கும், எவ்வளவு நாள் ஆகலாம் என்று உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். கொடுத்த பிறகும் அடிக்கடி போன் போட்டு விசாரியுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் இருந்தால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள், அப்பாவிடமே பேச வைக்கிறேன்.